டிக்கியில் ஒரு மண்முட்டி

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தமிழ் பேசும் கொன்ஸ்டபிள்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. ஓய்வு பெற்ற பொலிஸ்காரனை யாராவது கூப்பிட்டால் விடுவானா? வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, சப்பாத்தைத் துடைத்து, சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். வழக்கமாக வாகனங்களை நிறுத்திப் பார்க்கும்போது சந்தேகத்துக்கிடமாக ஏதாவது அகப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் தலைப்பு. என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் அந்த வேலைதான் பார்த்தேன். நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.

ஒழுங்கைச் சொன்னேன். வாகனத்தை ஓரங்கட்டு. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, திறப்பை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வை. சாரதியை நடைபாதைப் பக்கமாக இறக்கு. டிக்கியை நீ திறக்காதே, அவரையே திறக்கச் சொல். உள்ளே என்ன இருந்தாலும் தொடாதே. அவருடைய போனை வாங்கித் திரை மேலே தெரிய பொனெற்றில் வை. அது அடித்தால் அவரும் எடுக்கக்கூடாது, நீயும் எடுக்கக்கூடாது. மேலதிகாரிக்கு அறிவி. பொருளைக் கட்டுவதும் அரக்கு வைப்பதும் சாரதியின் கண் முன்னால்தான் நடக்க வேண்டும். பிள்ளைகள் மளமளவென்று குறித்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது பின் வரிசையில் இருந்த ஒரு பெண் கொன்ஸ்டபிள் எழுந்து கேட்டாள்: "சேர், நீங்க சொன்ன ஒழுங்குலேயே எல்லாம் செஞ்சு முடிச்சிட்டு, செஞ்சது சரியா பிழையான்னு தெரியாம நின்டிருக்கீங்களா?"

நான் தண்ணீர் குடித்தேன். பிறகு தேநீர் நேரம் வந்துவிட்டது என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பிள்ளையின் கேள்வி விடவில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய அப்பா தோட்டத்தில் இருந்து வந்தவர். எங்கள் வரிசை வீடுகளில் பொலிஸைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். அந்த வரிசையில் இருந்து ஒருவன் பொலிஸில் சேர்ந்தால் எப்படி இருக்கும்? சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என் பக்கத்துக் கதிரையை வெறுமையாக விட்டார்கள். நிலையத்தில் எனக்கு "தெமள சார்ஜன்", அதாவது தமிழ் சார்ஜன், என்றே பெயர். இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளித்தான் வைத்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் நடந்தோம், சட்டத்தைப் பாடமாக்கினோம், பாதியை மறந்தோம்.

உண்மையான பயிற்சி எனக்கு ஒரு நண்டிடம் இருந்து கிடைத்தது. கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு த்ரீவீலரை நிறுத்தினேன். பின் ஆசனத்தில் ஒரு சாக்கு மூட்டை, அது தானாக அசைந்தது. சாரதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பெரிய வீரன், அவன் சொல்லி முடிப்பதற்குள் சாக்குக்குள் கையை விட்டேன். உள்ளே உயிர் நண்டுகள். விரலைப் பிடித்த நண்டு விடவேயில்லை. சந்தியே சிரித்தது. விரலில் கட்டோடு நிலையத்துக்குப் போனபோது போக்குவரத்துப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த இன்ஸ்பெக்டர் சேனாதீர மாத்தயா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை. "கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தால் விரல் உனக்கே சொந்தமாக இருந்திருக்கும்" என்று சிங்களத்தில் சொன்னார்.

சேனாதீர மாத்தயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மெலிந்த மனிதர், குரல் உயராது. நான் அறிய யாரையும் கை நீட்டியது கிடையாது. சம்பவ இடத்துக்கு வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றி அந்த வாகனத்தின் பொனெற்றில் வைப்பார். பிறகு "அத் பஸ்ஸட்ட" என்பார். உடனே எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சாரதி, கொன்ஸ்டபிள், நான், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அதே சட்டம்தான். அவரும் கட்டிக்கொள்வார். தொடாத கைக்குப் பிழை விட முடியாது என்பது அவருடைய கணக்கு. அப்படியே வாகனத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து, எட்டிப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசுவார், ஊரை விசாரிப்பார், பிள்ளைகள் எத்தனை என்பார். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "இது என்ன என்று சொன்னீர்கள்?" என்று திரும்பவும் கேட்பார். இரண்டாவது பதில் முதல் பதிலைப் போலவே சொல்லுக்குச் சொல் இருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் கூடும். உண்மையைச் சொல்கிறவன் இரண்டாம் முறை கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் சொல்லுவான், பொய்யைத்தான் அப்படியே ஒப்புவிக்க வேண்டும் என்பார்.

அது வேலை செய்ததை என் கண்ணால் பார்த்தேன். மாளிகாவத்தைப் பக்கம் ஒரு கார். டை கட்டிய கணவன், மடியில் பிள்ளையோடு மனைவி, பின்னால் பால்மா டின்கள். ஒரு டின்னின் மூடி திரும்ப ஒட்டியது போல இருந்தது. நான் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யார் என்ன கடத்தப் போகிறார்கள்? சேனாதீர மாத்தயா வந்தார், தொப்பியைக் கழற்றினார், கையைக் கட்டினார், பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தது. அதன் வாய் நிறையப் பல். டின்களில் எழுதியிருந்ததோ பிறந்த குழந்தைகளுக்கான பால்மா. பிறகு திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது பால்மா இல்லை. அந்த மனைவிக்கே அது தெரியாது என்பது அவள் அழுத அழுகையில் தெரிந்தது. அன்றிலிருந்து அவருடைய முறையில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

இனி அந்தப் போயா நாளுக்கு வருகிறேன். அப்போது மாத்தயாவும் நானும் வெள்ளவத்தைக்கு மாற்றலாகி வந்திருந்தோம்.

வெள்ளவத்தையில் போயா என்றால் காலி வீதி கொஞ்சம் மூச்சு விடும். பௌர்ணமி விடுமுறை, இறைச்சிக் கடைகள் எல்லாம் சட்டப்படி பூட்டு. வெள்ளை உடுத்தவர்கள் தாமரைப் பூவோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நாங்கள் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில், வெள்ளவத்தை முடிந்து தெகிவளை தொடங்குகிற இடத்தில் நின்றோம். முற்பகல், நல்ல வெயில். வேகமாக ஓடுகிறவனைத் தண்டம் எழுத மறிப்போம்; வெறும் ரோட்டில் மெதுவாக ஓடுகிறவனைச் சந்தேகத்தில் மறிப்போம். அந்த வெள்ளைக் கார் நடந்து போகிறவரை விட மெதுவாக வந்தது. கையைக் காட்டினேன்.

ஓட்டி வந்தவர் அறுபதைத் தாண்டிய மனிதர். வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. லைசன், இன்சூரன்ஸ் எல்லாம் சரி. கனகசபை என்று பெயர். கார் மருமகனுடையது, தான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நிற்பதாகச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தும் மனிதருடைய கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னேன். வீட்டுச் சாமான்தான் என்றார். பரவாயில்லை, திறங்க என்றேன். இறங்கி வந்து திறந்தார்.

உள்ளே ஒரு புது மண்முட்டி. வாயை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டியிருந்தது, துணியில் மஞ்சள் தடவியிருந்தது. முட்டி உருளாமல் இருக்கச் சுற்றிலும் பேப்பர் திணித்திருந்தார்கள். அந்தப் பேப்பர் அடியில் நனைந்து சிவந்திருந்தது. பக்கத்தில் ஒரு புது மண்வெட்டி.

"என்னங்க ஐயா இது?"

"இறைச்சி."

"என்ன இறைச்சி?"

"ஆட்டிறைச்சி."

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். சந்தைக்குப் பக்கத்துக் கடையில், இப்பதான், என்றார்.

"இன்னைக்குப் போயாங்க ஐயா" என்றேன்.

போயா என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்துக்கு நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். சந்தேகப்படாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு பொய், நாள் பிழையாகிப்போனதால் குற்றமாகிவிட்டது. போயா நாளில் பச்சை இறைச்சி என்றால் களவாக அறுத்தது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். ஆனால் என் மனது அத்தோடு நிற்கவில்லை. ஆட்டிறைச்சியை எவன் மண்முட்டியில் வைத்து, துணி கட்டி, மண்வெட்டியோடு கொண்டுபோகிறான்? அந்த முட்டிக்குள் எவ்வளவு அடங்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறந்த பிள்ளை ஒன்று அடங்கும். அப்படி நினைத்த பிறகு எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமில்லை.

போனை வாங்கிப் பொனெற்றில் வைத்தேன். இன்ஸ்பெக்டருக்கு அறிவித்தேன்.

சேனாதீர மாத்தயா வந்தார். தொப்பி பொனெற்றுக்குப் போனது. "அத் பஸ்ஸட்ட." எல்லோரும் கட்டினோம். கனகசபை ஐயாவுக்கு அது விளங்கவில்லை. நான் சொன்ன பிறகு கட்டினார். மாத்தயா முட்டியைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார், நான் தமிழில் கேட்டேன். ஆட்டிறைச்சி என்றார். வெயிலைப் பற்றிக் கேட்டார். ஊரைக் கேட்டார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு மனிதர் வாயை மூடிக்கொண்டார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. திரும்ப முட்டியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அதே குரலில், அதே மாதிரி, "ஆட்டிறைச்சி" என்றார்.

மாத்தயா என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், இதை நாங்கள் திறப்பதில்லை, தடயம் எடுக்கிறவர்கள் வந்து திறக்கட்டும் என்றார். அவரும் நான் நினைத்ததையே நினைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. போயா என்பதால் அவர்கள் வரத் தாமதமாகும் என்று பதில் வந்தது. நின்றோம். கூட்டம் சேர்ந்தது. கனகசபை ஐயாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தால் கொலைகாரன் மாதிரியும் இல்லை, இறைச்சிக் கள்ளன் மாதிரியும் இல்லை. என்னதான் மாதிரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் போய், ஐயா, நானும் தமிழன்தானே, என்கிட்டயாவது சொல்லுங்க என்றேன். அவர் என் யூனிபோமைப் பார்த்தார். பிறகு கால்வாயைப் பார்த்தார்.

அப்போது போன் அடித்தது.

பொனெற்றில் வைத்த போன் அதிர்ந்து அதிர்ந்து தொப்பிப் பக்கமாக நகர்ந்தது. நின்றது. திரும்ப அடித்தது. நின்றது. கனகசபை ஐயாவின் கண் அதை விட்டு அசையவில்லை, ஆனால் கையை முன்னால் கொண்டுவரவில்லை. கட்டச் சொன்ன கையைக் கட்டியபடியே நின்றார். அது திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தது.

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று மாத்தயா கேட்டார். தமிழில் இருந்தது. மருமகன் என்று வாசித்துச் சொன்னேன்.

மாத்தயா யோசித்தார். இவ்வளவு அவசரமாகக் கூப்பிடுகிறவனுக்கும் முட்டி விஷயம் தெரிந்திருக்கும் என்றார். ஸ்பீக்கரில் போடு, இவர் ஹலோ என்று மட்டும் சொல்லட்டும், மற்றவன் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் கேள் என்றார். இரக்கப்பட்டு அல்ல, கூட்டாளியைப் பிடிக்கத்தான் அவர் அப்படிச் செய்தார். அதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். பின்னால் நடந்ததற்கு அது முக்கியம்.

நான் போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். ஹலோ என்றார்.

"மாமா, புதைச்சிட்டியளோ?"

நான் மாத்தயாவைத் திரும்பிப் பார்த்தேன். மாத்தயாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகத்தில் இருந்தே பிடித்துக்கொண்டார். ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் அந்தக் குரல் தொடர்ந்தது.

"புதைக்காதேங்கோ மாமா. மைதிலிக்கு ரத்தம் நிக்குதில்லை. கொடி முழுசா வந்ததோ, உள்ளுக்க துண்டு நிக்குதோ எண்டு டொக்டர் தானே பாக்கவேணுமாம். கெதியா கொண்டு வாங்கோ. நான் எவ்வளவு நேரமா அடிக்கிறன்."

கனகசபை ஐயா அப்படியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கையை மட்டும் இன்னும் பின்னால் இருந்து எடுக்கவில்லை.

"அது என்ர பிள்ளையின்ர கொடி, ஐயா" என்றார். "விடியப்புறம் பேத்தி பிறந்தவள். அந்த இளங்கொடிதான் முட்டிக்குள்ள."

பிள்ளை பிறந்த பிறகு தாயிடம் இருந்து வருகிற நஞ்சுக்கொடியைப் புது முட்டியில் வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு, சொந்த வளவில் புதைப்பது அவர்கள் வழக்கம். வெள்ளவத்தை மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? களுபோவிலயில் தங்கை வீட்டில் ஒரு துண்டு வளவு இருந்ததால், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கொட்டாஞ்சேனை வரிசையில் ஆஸ்பத்திரியில் பெற்றால் அதை யாரும் கேட்டு வாங்கியதில்லை. எனக்குத் தோன்றாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாத்தயாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் வயிற்றைத் தொட்டு, கையால் காட்டினேன். அவர் சட்டென்று விளங்கிக்கொண்டார். அவர்கள் ஊரிலும் அதைப் புதைப்பார்களாம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. தொப்பியை எடுக்கவில்லை. ஒருவருக்கும் கட்டளை போடவில்லை. பின்னால் கட்டியிருந்த இரண்டு கையையும் அவிழ்த்து, டிக்கிக்குள் குனிந்து, அந்த முட்டியைத் தானே தூக்கினார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அடியில் இருந்து கசிந்தது அவர் சட்டையில் ஊறியது. நானும் கனகசபை ஐயாவும் பின்னால் ஏறினோம். சைரனைப் போட்டுக்கொண்டு பொரளைப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

போகிற வழியில் நான் அவரிடம் கேட்டேன். ஏன் ஐயா முதலிலேயே சொல்லவில்லை? போகிற வழியில் ஒருவருக்கும் காட்டக்கூடாது, எங்கே புதைக்கிறது என்று சொல்லக்கூடாது, யாராவது எடுத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்று மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறார். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார்.

"முந்தி ஒருக்கா இதே ரோட்டில என்னை இறக்கினவை, ஐயா. அண்டைக்கு உண்மையைத்தான் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை."

எந்தக் காலம், எந்தச் சோதனைச் சாவடி என்று நான் கேட்கவில்லை. யுத்தக் காலம் முழுக்க நானும் யூனிபோமில்தான் இருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவருக்கு ஆறுதலா, அருவருப்பா என்று தெரியவில்லை. அவர் கையை இழுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

டொக்டர் முட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு துண்டு குறைந்தது. காலையில் பார்த்தவர்கள் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள். அந்த மகளைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே நின்றோம். போகலாம் என்று மாத்தயா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எங்கள் கையில் ஒரு உயிர் போய்விடக்கூடாது என்ற சுயநலமும் அதில் இருந்தது. எது கூட இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கடைசியில் டொக்டர் வெளியே வந்து, ரத்தம் நின்றுவிட்டது, பயமில்லை என்றார். கனகசபை ஐயா சுவரில் சாய்ந்து அழுதார். அதுவரை தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டு நின்ற மருமகன் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார். இளைஞர், படித்தவர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வெயிலில ஒரு வயசு போன மனுசனை நிப்பாட்டி வைச்சிட்டு, அடிக்கிற போனையும் எடுக்க விடாமப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள். அவள் செத்திருந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அப்போது கனகசபை ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டு இடையில் வந்தார்.

"தம்பி, இவை மறிச்சிருக்காட்டி நான் எப்பவோ போய்ச் சேந்து, அதைப் புதைச்சு மூடியிருப்பன். கார் ஓடேக்க நான் போன் எடுக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியும். மறிச்சதாலதான் அது டொக்டரின்ர கைக்குப் போனது."

மருமகன், அதுக்காக இவைக்கு நன்றி சொல்லச் சொல்லுறியளோ, என்றார். இரண்டு பேரும் என்ன பேசுகிறார்கள் என்று சேனாதீர மாத்தயா கேட்டார். இரண்டையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் குனிந்து தன் சட்டையில் பட்ட ரத்தக்கறையைப் பார்த்தார். இவர்களில் யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை சேர் என்றேன். தனக்கும் தெரியவில்லை என்றார். வாசலுக்கு வந்த பிறகு, போயா நாளில் ஆட்டிறைச்சி கொண்டுபோன வழக்கை என்ன செய்வோம் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை. அவருடைய தொப்பியை ஒரு கொன்ஸ்டபிள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான்.

எத்தனையோ தரம் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சந்தேகப்பட்டு மறித்தோம், அதனால் அவள் பிழைத்தாள். சந்தேகப்பட்டு வைத்திருந்தோம், அதனால் அவள் சாகப் பார்த்தாள். போனை எடுக்க விட்டதும் சந்தேகத்தில்தான். நல்ல மனதோடு மறிக்காமல் விட்டிருந்தால்? அல்லது, நல்ல மனதோடு முதல் அழைப்பிலேயே எடுக்க விட்டிருந்தால்? ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பதில் வருகிறது. சேனாதீர மாத்தயாவும் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். போகும்வரை அவர் அந்த நாளைப் பற்றித் திரும்பப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வாகனத்துக்குப் போனாலும், "வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?" என்ற கேள்வியை முதலில் கேட்கத் தொடங்கினார். அதற்கு நாங்கள் கேட்ட பதில்களில் பாதிக்கு மேல் பொய்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன், திரும்பவும் வெள்ளவத்தையில் நின்றேன். காலி வீதியில் ஒரு சிவப்புக் காரை மறித்தேன். ஓட்டி வந்தவர் ஒரு இளம் பெண். லைசனை வாங்கினேன். மைதிலி என்று இருந்தது. அந்தப் பெயரில் வெள்ளவத்தையில் எத்தனையோ பேர்; நான் ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்து ஆசனத்தில் இருந்தவரைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கனகசபை ஐயா இன்னும் மெலிந்திருந்தார். பின்னால் ஒரு சின்னப் பெண் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாகத் தாவிக்கொண்டிருந்தாள்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சுகமா என்று கேட்டார், நானும் கேட்டேன். பேத்தியைக் காட்டி, ஒரு இடத்தில இருக்கமாட்டாள், அவளின்ர கொடியை ஒரு இடத்திலயும் புதைக்கேல்லைத்தானே, ஆஸ்பத்திரியோட போட்டுது, என்றார். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆரப்பா இவர்?"

"தெரிஞ்சவர்" என்று மட்டும் சொன்னார்.

லைசனைத் திருப்பிக் கொடுத்து, போங்க மகள் என்றேன். அதற்குள் கனகசபை ஐயா கதவைத் திறந்து, நடைபாதைப் பக்கமாக இறங்கிவிட்டார். நான் கேட்கவில்லை. பின்னால் போய் டிக்கியைத் தானே திறந்தார். உள்ளே மரக்கறிப் பை ஒன்றும் பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிளும் இருந்தன. அவர் ஓரடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பகிடிக்குச் செய்தாரா, பழைய பயத்தில் செய்தாரா? முகத்தை உற்றுப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ. டிக்கியை மூடுங்க ஐயா என்று சொல்லத்தான் நினைத்தேன். சேனாதீர மாத்தயா பழக்கியபடி நானும் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தச் சின்னப் பெண் பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் முதலில் கையை எடுப்பது என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.